தலைவர் பெயர் மனைவிக்கு, வேலை கணவருக்கு என்றால் ஊராட்சி இட ஒதுக்கீட்டால் என்ன பயன்?

நீங்கள் கேட்டதை ஒருமுறை என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் ஊராட்சி 2019 தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஜெயித்தவர் ஒரு பெண். ஆனால் ஐந்து வருடமும் ஆபீஸைத் திறந்தது, காண்டிராக்டரிடம் பேசியது, கிராம சபையில் மைக் பிடித்தது எல்லாம் அவர் கணவர். பக்கத்து ஊராட்சி பட்டியல் சாதியினருக்கானது. அங்கே யார் நிற்பது என்பதை ஊர்ப் பெரியவர்களே முடிவு செய்தார்கள். "எல்லாம் கையெழுத்து வேலைதானே, இதில் சமூக மாற்றம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் சேர்ந்து கிடக்கின்றன. ஜெயித்தவர் கைக்கு அதிகாரம் போய்ச் சேருகிறதா என்பது ஒன்று. முழுசாகச் சேராத இடத்திலும், அவர் அந்த நாற்காலியில் இருந்ததாலேயே ஊர் கொஞ்சமாவது நகர்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பல ஊர்களில் பதில் "இல்லை"தான். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் ஊரக வளர்ச்சித் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, தணிக்கை, தேர்தல் வேலை என்று சுற்றி, கடைசி சில வருடங்கள் புதிதாக ஜெயித்து வந்த தலைவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தேன். தென்மாவட்ட ஊராட்சிகள்தான் எனக்கு நன்றாகத் தெரியும். டெல்டாவிலும் கொங்கிலும் நிலவரம் சில விஷயங்களில் வேறு. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சட்டத்தில் உறுதியாக உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதத்தில் இடம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் என்று அது சொல்கிறது. உறுப்பினர் பதவிக்கு மட்டுமல்ல, தலைவர் பதவிக்கும் சேர்த்து. அதையொட்டித் தமிழ்நாட்டில் 1994இல் ஊராட்சிகள் சட்டம் வந்தது, 1996 அக்டோபரில் முதல் தேர்தல் நடந்தது. 2016இல் பெண்களுக்கான பங்கு 50 சதவீதமாக உயர்ந்தது. மாநிலத்தில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அப்படியானால் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் தலைவர் நாற்காலி சட்டப்படி பெண்ணுடையது. 1996க்கு முன்பு "பிரசிடெண்ட்" என்றால் ஊரில் நிலம் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் ஆண் என்றே பெரும்பாலான இடங்களில் பொருள். அப்பா, பிறகு மகன், பிறகு மருமகன். அந்தக் காலத்தோடு ஒப்பிடாமல் இன்றைய தலைவரின் கணவரை மட்டும் பார்த்தால் அளவு தவறிவிடும்.

இனி அதிகாரம் எங்கே சிக்குகிறது என்று பார்ப்போம். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் சாதி, ஆணாதிக்கம் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். உள்ளே இருந்து பார்த்தால் அது ஒரு செக் புத்தகத்தில் சிக்குகிறது. நம் மாநிலத்தில் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டும். துணைத் தலைவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு இட ஒதுக்கீடு கிடையாது. ஆகவே பட்டியல் சாதிப் பெண் ஒருவர் தலைவரானால், ஊரில் செல்வாக்குள்ளவர் வார்டு உறுப்பினராக நின்று, துணைத் தலைவராகி, பேனாவை மூடி வைத்துக்கொள்ள முடியும். மோட்டார் ரிப்பேர் பில், தெருவிளக்கு பல்பு பில், தொட்டி ஆபரேட்டர் சம்பளம் எல்லாம் நின்றுபோகும். ஊர் மக்களுக்குத் துணைத் தலைவர் கையெழுத்துப் போடாதது தெரியாது. "இந்தம்மா வந்து ஒரு வேலையும் நடக்கல" என்பதுதான் தெரியும். ஆட்சியர் தலையிட்டு அந்த அதிகாரத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். மனு, விசாரணை, அறிக்கை என்று அது முடிவதற்குள் ஒரு கோடைக்காலம் போய்விடும். இப்போது சில கணக்குகளில் செக் போய் டிஜிட்டல் கையெழுத்துச் சாவி வந்துவிட்டது. பென் டிரைவ் மாதிரி இருக்கும். ஒரு ஊராட்சியில் உண்மையான தலைவர் யார் என்று தெரிந்துகொள்ள, அந்தச் சாவி யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று விசாரித்தாலே போதும்.

அடுத்தது ஊராட்சிச் செயலர். கணக்குப் புத்தகம், தீர்மானப் புத்தகம், வீட்டு வரி ரசீது எல்லாம் அவர் கையில். தலைவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள், அவர் இருபது வருடம் அங்கேயே இருப்பார். நல்ல செயலர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களால் நிமிர்ந்த தலைவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எழுதப் படிக்கத் தடுமாறும் ஒரு தலைவர் வந்தால், வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கமும் இருந்தது. தணிக்கைக்குப் போனபோது தீர்மானப் புத்தகத்தில் மேலே கையெழுத்துகள், நடுவில் ஒரு பக்கம் முழுக்க வெள்ளை, கீழே மீண்டும் கையெழுத்துகள் என்று நானே பார்த்திருக்கிறேன். தீர்மானம் பின்னால் எழுதப்படும்!

பதவிக்காகக் கொலை வரை போகிறார்களே, அப்படி அதில் என்ன இருக்கிறது என்று நகரத்து நண்பர்கள் கேட்பார்கள். ஊராட்சி வெறும் தெருவிளக்குச் சமாச்சாரம் இல்லை. கண்மாய் மீன் ஏலம், புளியமர மகசூல் ஏலம், எந்தத் தெருவுக்குக் குழாய், நூறு நாள் வேலையில் யார் பெயர் என்று ஊரின் பொதுச் சொத்தையும் பொது வேலையையும் யார் பங்கிடுவது என்பதே அங்கே முடிவாகிறது. தலைமுறை தலைமுறையாக அந்தப் பங்கீட்டைச் செய்துவந்தவர்கள் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்தில் மேலவளவு ஊராட்சி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மனுப் போட்டவர்கள் மிரட்டப்பட்டார்கள், வீடுகள் கொளுத்தப்பட்டன, வாக்குச்சாவடி சூறையாடப்பட்டது. கடைசியில் போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். தலைவரான பிறகும் அவரால் நிம்மதியாக அலுவலகத்துக்குப் போக முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பும்போது, ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்தி அவரையும் அவரோடு வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, உச்ச நீதிமன்றம் வரை அது நிலைத்தது. அவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலையானார்கள். இன்றும் பயிற்சி வகுப்பில் மேலவளவு என்ற பெயரைச் சொன்னால் பின்வரிசையில் பேச்சு நின்றுவிடும்.

உசிலம்பட்டி பக்கத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் நடந்தது வேறு வகை. அவையும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. அங்கே கொலை நடக்கவில்லை, தேர்தலே நடக்கவில்லை. 1996இலிருந்து பத்து வருடம், ஒவ்வொரு முறை அறிவிப்பு வரும்போதும் மனுத் தாக்கல் செய்ய ஆள் இருக்காது. இல்லையென்றால் ஊர் நிறுத்திய ஒருவர் ஜெயித்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா கடிதம் கொடுப்பார். 2006 அக்டோபரில்தான் நான்கு ஊர்களிலும் தேர்தல் முறையாக நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். அப்போது மதுரை ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசினார். பத்து வருடமாகக் கட்சிகளும் இயக்கங்களும் தொடர்ந்து கொடுத்த அழுத்தமும் சேர்ந்தது. புதிய அரசும் அதைத் தன் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. இதில் எது முக்கியக் காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். எனக்குத் தோன்றுவது என்னவென்றால், பத்து வருடம் ஊராட்சி இல்லாததால் ரோடு, தண்ணீர், மானியம் எல்லாம் நின்றுபோய், ஊருக்குள்ளேயே இளையவர்கள் பெரியவர்களைக் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தார்கள். பேச்சுவார்த்தைக்குக் காது கிடைத்தது அதனால்தான். பதினைந்து வருடம் கழித்து, 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் பாப்பாபட்டி கிராம சபையில் போய் உட்கார்ந்தார். எந்த ஊரில் மனுத் தாக்கல் செய்யவே ஆள் இல்லையோ, அந்த ஊரில்.

உங்கள் பக்கத்து ஊராட்சியைப் போல, பெரியவர்கள் பார்த்து நிறுத்தும் தலைவர் என்பது பழைய பிரச்சினை. பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டாலும் ஓட்டுப் போடுவது முழு ஊரும். காலனியில் நூறு ஓட்டு, ஊர்த்தெருவில் எண்ணூறு ஓட்டு என்றால், காலனி விரும்பும் ஆள் தோற்று, ஊர்த்தெரு விரும்பும் ஆள் ஜெயிப்பார். தனித் தொகுதி வேட்பாளரை யார் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் அம்பேத்கர் பட்டியல் சாதியினர் மட்டுமே ஓட்டுப் போடும் தனி வாக்காளர் தொகுதி கேட்டார். 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தில் அதை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அன்று முடியாத அந்த விவாதம் இன்று நம் ஊராட்சிகளில் ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கிறது. பண்ணை வீட்டில் வேலை செய்யும் ஒருவரை நிறுத்தி ஜெயிக்க வைப்பார்கள். மாதக் கூட்டத்துக்கு அவர் வந்து நிற்பார், உட்காரமாட்டார். அந்த இடத்தில் சட்டம் எழுத்தில் மட்டும் நிறைவேறியது என்றே சொல்வேன்.

இப்போது நீங்கள் கேட்ட கணவர் விஷயம். பேர் சொல்லாமல் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வானம் பார்த்த பூமி, கருவேல மரம் மண்டிய ஊர். 2006இல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. கணவர் ஆட்டு வியாபாரி, கட்சிக்காரர், அவர்தான் நிற்க ஆசைப்பட்டவர். மனுத் தாக்கலின்போது நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். அந்த அம்மா தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, பேனாவை அழுத்திப் பிடித்து எழுதியது இன்னும் கண்ணில் இருக்கிறது. பயிற்சிக்கு வந்தபோது அவர் கடைசி பெஞ்சில், கணவர் வெளியே வேப்பமரத்தடியில். முதல் வருடம் முழுக்க ஒன்றிய அலுவலகத்துக்கு வந்ததெல்லாம் கணவர்தான். நாங்களும் "தலைவரே" என்று அவரைத்தான் கூப்பிட்டோம். அதில் எங்கள் தவறும் இருக்கிறது. அதிகாரிகள் கணவரிடம் பேசி வேலையை முடித்துக்கொள்வது எளிது என்பதால் அந்த வழக்கம் வளர்ந்தது. நாற்காலி கொடுத்தவர்கள் நாங்கள்.

இரண்டாவது கோடையில் அந்த ஊர் போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. கணவர் சந்தைக்காக வெளியூர் போயிருந்தார். காலையில் நாற்பது பெண்கள் குடத்தோடு அந்த அம்மா வீட்டு வாசலில் நின்றிருக்கிறார்கள். அவர்கள் கணவரைத் தேடவில்லை, அவரைத்தான் கேட்டார்கள். அடுத்த பஸ்ஸைப் பிடித்து அவர் தனியாக ஒன்றிய அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு துண்டுத் தாள், அதில் மோட்டாரின் குதிரைத்திறன், போர்வெல் எத்தனை அடி என்று ஆபரேட்டர் எழுதிக் கொடுத்தது. என் மேசைக்கு முன்னால் நின்று, "சார், ஒண்ணாம் நம்பர் கணக்குல எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். ஒண்ணாம் நம்பர் கணக்கு என்பது ஊராட்சியின் பொது நிதி. அதுவரை அவர் ஊரில் இருந்து அந்தக் கேள்வியை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பார்த்துச் சொன்னேன். செயலர் அவரிடம் சொல்லியிருந்ததைவிட நல்ல தொகை அதிகம். அவர் எதுவும் பேசவில்லை. அந்தத் தொகையை அதே துண்டுத் தாளில் என்னையே எழுதித் தரச் சொல்லி மடித்து வைத்துக்கொண்டார். அதன் பிறகு பாஸ்புக் அவர் பையில்தான் இருந்தது. 2011இல் மீண்டும் நின்று ஜெயித்தார். 2019இல் பதவி பொதுவானது, அப்போதும் நின்றார், தோற்றார். ஆனால் அந்த முறை நின்ற நான்கு பேரில் இரண்டு பேர் பெண்கள், பொதுத் தொகுதியில். இன்னொரு பெண் அந்த நாற்பது குடங்களில் ஒன்றைச் சுமந்து வந்தவர்.

ஒரு ஊரை வைத்து நாட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று எனக்குத் தெரியும். எழுத்தும் கணக்குமாக ஆராய்ந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தபோதுதான் நான் கண்டது தனிப்பட்ட சம்பவம் இல்லை என்று நம்பத் துணிந்தேன். எஸ்தர் டஃப்லோ, 2019இல் பொருளாதார நோபல் பெற்றவர், ராகவேந்திர சட்டோபாத்யாயுடன் சேர்ந்து மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் உதய்பூர் பக்கத்திலும் ஆராய்ந்தார். எந்த ஊராட்சி பெண்களுக்கு என்பது குலுக்கல்போல முடிவானதால், இரண்டு வகை ஊர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பெண் தலைவர் இருந்த ஊர்களில் குடிநீருக்குக் கூடுதல் பணம் போயிருந்தது. ஊர்ப் பெண்கள் ஆண்களைவிட அதிகமாக முறையிட்டதும் தண்ணீரைப் பற்றித்தான். பினாமி என்று ஊரே சொல்லும் பெண்களும் அந்தக் கணக்கில் சேர்த்திதான், அப்படியிருந்தும் வித்தியாசம் தெரிந்தது. மதுரை வில்லாபுரத்தில் கவுன்சிலராக இருந்த லீலாவதி 1997 ஏப்ரலில் கொல்லப்பட்டதும் தண்ணீரை முன்வைத்த போராட்டத்துக்காகவே. தண்ணீர் என்பது இங்கே சின்னக் கோரிக்கை அல்ல.

அதே வங்கத்தில் பின்னால் வந்த ஆய்வு இன்னும் யோசிக்க வைப்பது. ஒரே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரைப் பார்த்தே இராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். பெண் தலைவரைப் பார்த்திருந்த ஊர்களில் அந்த வித்தியாசம் அநேகமாக மறைந்திருந்தது. இரண்டு முறை ஒதுக்கப்பட்ட ஊர்களில், ஒதுக்கீடு இல்லாத இடத்திலும் பெண்கள் நிற்பதும் ஜெயிப்பதும் கூடியது. அங்கே வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் இடையில் இருந்த படிப்பு இடைவெளி மூடியது, பெற்றோர் மகளைப் பற்றிக் காணும் கனவும் பெரிதானது. இரண்டு முறை என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஒரே ஒரு தடவையில் தேர்தலிலும் படிப்பிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நம் மாநிலத்தில் ஒதுக்கீட்டை ஒவ்வொரு தேர்தலிலும் மாற்றாமல் பத்து ஆண்டுக்கு வைத்திருக்கும் முறை இந்த வகையில் நல்லது. ஐந்து வருடத்தில் ஊரே மாறிவிட வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இவ்வளவும் பெண்களுக்கான ஒதுக்கீட்டைப் பற்றியது, பெரும்பாலும் வங்கத்தைப் பற்றியது. வங்கத்து ஊராட்சி கட்சி அடிப்படையில் நடப்பது, நம்முடைய கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. அங்கே கண்டதை இங்கே அப்படியே ஒட்டக் கூடாது. பட்டியல் சாதி ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. தென்மாநில ஊர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, தலைவர் அந்தச் சாதியினராக இருந்தால் அந்தச் சாதி வீடுகளுக்கு அரசு உதவி கூடுதலாகப் போகிறது என்றது. கர்நாடகம், ராஜஸ்தான், பிகார் ஊர்களைப் பார்த்த இன்னோர் ஆய்வு, பெரிய வித்தியாசம் இல்லை, உதவி எங்கே போகும் என்பதைக் கட்சித் தொடர்பே முடிவு செய்கிறது என்றது. என் அனுபவம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. காலனி மக்கள் எண்ணிக்கையில் வலுவாக, கொஞ்சம் சொந்த நிலமோ வெளியூர் வருமானமோ வைத்திருந்த ஊர்களில் தலைவரால் வேலை செய்ய முடிந்தது. முழு ஊரும் ஒரு சாதியின் நிலத்தை நம்பிக் கூலிக்குப் போன இடங்களில் முடியவில்லை. பதவியைவிட, நாளைக்குக் கூலி யார் கொடுப்பது என்பது பெரிதாக நின்றது. இது நான் கண்டதை வைத்துச் சொல்வது, நிரூபித்த உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவமதிப்பு இன்னும் நடக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. 2020இல் மட்டும் இரண்டு சம்பவங்கள் நாடு முழுக்கத் தெரிந்தன. திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதிப் பெண் தலைவரை ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்ற விடவில்லை, ஐந்து நாள் கழித்து ஆட்சியர் வந்து ஏற்ற வைத்தார். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் வெளியே வந்தது. 2022 ஆகஸ்டில் பட்டியல் சாதித் தலைவர்கள் தடையில்லாமல் கொடியேற்றுவதை உறுதி செய்யும்படி தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இதைப் படிப்பவருக்கு மனம் கசக்கும். எனக்கும் கசந்தது. கூடவே இன்னொன்றையும் கவனித்தேன். தரையில் உட்கார வைப்பது 1996க்கு முன்பும் இருந்தது, அப்போது யாரும் படம் எடுத்து வெளியிடவில்லை, அதற்காக யார் மீதும் வழக்கும் வரவில்லை. பெண்களுக்கு ஒதுக்கீடு வந்த பிறகு பெண்களுக்கு எதிரான குற்றங்கள் பதிவாவது கூடியதை மாநிலவாரியாகக் கணக்கிட்டவர்கள், குற்றம் கூடியதால் அல்ல, புகார் கொடுக்கும் துணிவு கூடியதாலேயே என்று வாதிட்டார்கள். அந்த வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறு இடத்தில் இருக்கிறது. ஊராட்சியில் பாதிப் பேர் பெண்கள், 2021 சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்த 234 பேரில் பெண்கள் 12. பத்து வருடம் ஊராட்சியை நடத்திக் காட்டிய பெண்ணுக்கு அடுத்த படி எது? ஒன்றியத்திலும் மாவட்டத்திலும் மேலேயும் சீட் கொடுப்பது கட்சி. அங்கே மாவட்டச் செயலாளர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவர்தான், அந்தக் கை பெரும்பாலும் ஓர் ஆணின் கை. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 2023இல் 106ஆவது திருத்தம் நிறைவேறியபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே எழுதினார்கள். கீழே கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்கள் ஐந்து வருடம் முடிந்ததும் மீண்டும் நூறு நாள் வேலை வரிசையில் போய் நிற்கிறார்கள். அந்தப் பயிற்சி அத்தனையும் வீணாவதை நான் நேரில் பார்த்தவன்.

இன்னொரு நஷ்டம், தேர்தலே நடக்காத வருடங்கள். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகி, 2019 டிசம்பர் வரை மூன்று வருடத்துக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளை நடத்தினார்கள். மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 வரை ஆனது. 2019இல் ஜெயித்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். ஒரு தலைமுறை பெண்களையும் பட்டியல் சாதியினரையும் பழக்கிக்கொண்டிருக்கும்போது நடுவில் இப்படி இடைவெளி விட்டால், பழகியது மறந்துபோகும், பழைய பெரியவர்கள் மறுபடியும் உள்ளே வருவார்கள். தனி அலுவலரிடம் போய் வேலை வாங்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தானே.

உங்கள் ஊரைப் பற்றிக் கேட்டீர்கள், அதனால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். தலைவராக இருந்த அந்த அம்மாவின் கணவரைப் பற்றிப் பேசுவதை ஒரு நாள் நிறுத்திவிட்டு, அந்த அம்மாவிடமே போய்ப் பேசிப் பாருங்கள். ஊர்த் தொட்டி எத்தனை லிட்டர், எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் திறக்கிறார்கள், வீட்டு வரியில் வருடத்துக்கு எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் உங்கள் சந்தேகம் உங்கள் ஊரைப் பொறுத்தவரை சரி. தெரிந்திருந்தால், அடுத்த தேர்தலில் அவர் நிற்கப்போகிறாரா என்று கேளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு கிராம சபை இருக்கிறது. தனி அலுவலர் இருக்கும்போதும் அது நடக்க வேண்டும். அவரையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருங்கள், வரவு செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும்போது தீர்மானம் எழுதி முடிந்திருக்கிறதா என்று பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.